மழைக்கு ஒரு துணி, நிழலுக்கு ஒரு துணி: ஆயர் தாவாரில் தைத்த படகுக் கூரை

பாய்மரப் படகில் தீவு தீவாகப் போய்த் தங்குகிறவர்களைக் கரைக்குத் திரும்ப வைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அரிசியும் பருப்பும் மாதக்கணக்கில் கெடாது. மீனைக் கடல் தரும். காற்று நின்றால் காத்திருக்கலாம். தண்ணீர் தீர்ந்துவிட்டால் காத்திருக்க முடியாது.

எங்கள் படகு 32 அடி நீளமுள்ள பழைய கண்ணாடியிழைப் படகு. அதன் தொட்டியில் 180 லிட்டர் பிடிக்கும். குடிக்க, சமைக்க, கடல்நீரில் கழுவிய பாத்திரத்தைக் கடைசியாக அலச, குளித்து முடித்ததும் உப்புப் போக ஒரு குவளை ஊற்றிக்கொள்ள என்று எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 லிட்டர் ஆகிறது. அடியில் கிடப்பதைப் பம்ப் இழுக்காது. ஆகவே தொட்டி நிறைந்திருந்தாலும் இரண்டு வாரம் முழுதாகத் தாங்குவதில்லை. அதற்குப் பிறகு 20 லிட்டர் கேன்களைச் சிறுபடகில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு துறைக்குப் போய்ச் சுமக்க வேண்டும். நிறைந்த கேன் ஒன்று 20 கிலோ. ஆடும் சிறுபடகிலிருந்து அதைப் பெரிய படகுக்குத் தூக்கி ஏற்றுவது அறுபதைத் தாண்டிய முதுகுக்கு ஏற்ற வேலை இல்லை.

என் கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவார் பட்டணத்தில் தையல் கடை. பள்ளிச் சீருடை, ரவிக்கை, பாவாடை சட்டை, தீபாவளிக்கு முன் இரவு பகலாக ஓயாத வேலை. சித்தியவானைத் தாண்டி லுமுட்டுக்குப் போனால் அங்கே துறையில் எங்கள் படகு நிற்கிறது. படகில் இல்லாத நாட்களில் நான் கடையில்தான் இருப்பேன். இந்தப் பதிவு நான் அங்கே தைத்த மழைத்துணியை, அதாவது மழைநீரைப் பிடித்துத் தொட்டிக்கு இறக்கும் துணியைப் பற்றியது. நிழல்துணியும் தைத்தேன். அது எளிய வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் வாங்கலாமே என்று பலர் சொல்கிறார்கள். அது கடல்நீரை ஏறத்தாழ 55 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 55 மடங்கு அழுத்தத்தில் ஒரு சவ்வின் வழியாகப் பிழிகிறது. அதற்கு மின்சாரம் வேண்டும். எண்ணெய் பட்டாலும் குளோரின் பட்டாலும் சவ்வு கெட்டுப்போகும். மலாக்கா நீரிணையின் இந்தக் கரையெங்கும் ஆற்று முகத்துவாரங்களும் சதுப்புக் காடுகளும் இருக்கின்றன. தண்ணீரில் எந்நேரமும் வண்டல் கலங்கி நிற்கிறது. அதன் வடிகட்டிகளை ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். தெளிந்த கடலில் வாழ்பவர்களுக்கு அது நல்ல துணையாக இருக்கலாம். எங்களுக்கு வானத்திலிருந்து விழுவதைப் பிடிப்பதுதான் சரி.

அந்த மழை எப்போது வருகிறது என்பதைப் பார்த்துத்தான் துணியின் அளவை முடிவு செய்தேன். மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் இரண்டு இடைவெளிகளில், ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும், மாலை இடிமழை அதிகம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும், பாய் விரித்து வடக்கே போக மிகவும் ஏற்ற காலம். ஆனால் லங்காவிப் பக்கம் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்ல வறட்சி. பயணத்துக்கு உகந்த காலத்தில் மழை குறைவு. ஆகவே எப்போதாவது வரும் ஒரு மழையையும் தவறவிடாத துணி வேண்டும்.

மழைக்கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மூன்று சதுர மீட்டர் துணியில் 20 மில்லிமீட்டர் மழை என்றால் 60 லிட்டர். நல்ல இடிமழை அரை மணி நேரத்தில் அதைக் கொடுத்துவிடும். மூன்று மழையில் எங்கள் தொட்டி நிறையும். பெரிய துணி தேவையே இல்லை என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் தெளிவானது.

இங்கேதான் நான் மற்ற படகுகளில் பார்த்த வழக்கத்திலிருந்து விலகினேன். பெரும்பாலோர் பாய்மரத்திலிருந்து படகின் பின்முனை வரை ஒரு பெரிய கூரைத்துணி கட்டி, அதையே நிழலுக்கும் மழைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நிழல்துணி நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். அப்போதுதான் காற்று அடியில் ஓடும், மழை வெளியே வழியும். மழைத்துணி ஓரங்களில் உயர்ந்து நடுவில் தாழ வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். பெரிய துணியில் நடுவைத் தாழ்த்தினால் தண்ணீர் தேங்கும். ஏழு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தேங்கினாலே 70 கிலோ. கட்டிய கயிறோ, தையலோ, கம்பியோ ஏதாவது ஒன்று அந்தப் பாரத்துக்கு விட்டுக்கொடுக்கும். காற்று வேகம் எடுத்தால் அத்தனை பெரிய துணியை இரண்டு பேர் அவிழ்ப்பதும் ஆபத்து. ஆகவே பின்பக்கம் நிழலுக்கு ஒன்று, முன்தளத்தில் மழைக்குச் சிறியதாக ஒன்று என்று முடிவு செய்தேன். முன்தளத்துத் துணிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதற்கு மேலே சுருட்டி வைத்த பாயோ குறுக்குக் கம்போ இல்லை. பாயில் படிந்த உப்புத் தூசியும் கம்பில் உட்காரும் பறவைகளின் எச்சமும் அதில் விழுவதில்லை.

துணியைத் தேடிப் பட்டணம் முழுக்க அலைந்தேன். நீலத் தார்ப்பாய் மிக மலிவு. ஆனால் நம் வெயிலில் சில மாதங்களிலேயே பொடியாக உதிரத் தொடங்கும், அந்தப் பொடி நேராகத் தொட்டிக்குப் போகும். கல்யாணக் கெனோப்பி (துணிப்பந்தல்) போடுகிறவர்களிடம் இருக்கும் பிவிசி பூசிய துணி உறுதியானது, ஒரு சொட்டும் கசியாது. கனம் அதிகம், வாடையும் அதிகம். கடைசியில் ஈப்போவிலிருந்து வரவழைத்த அக்ரிலிக் கேன்வாஸ். சாயத்தை இழை நூற்பதற்கு முன்பே கலந்துவிடுவதால் அதன் நிறம் எளிதில் வெளுக்காது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம். அது முழுக்க நீர்புகாத துணி அல்ல. தண்ணீர் தேங்கினால் மெல்லக் கசியும், சரிவாக இருந்தால் ஓடிவிடும்.

வாடைக்கு நான் செய்த சோதனையை எல்லோருமே செய்யலாம். ஒவ்வொரு துணியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தனித்தனிக் கண்ணாடிச் சீசாவில் கொதித்து ஆறிய தண்ணீருக்குள் போட்டு மூடி, கடை வாசலில் வெயிலில் வைத்தேன். துணி போடாத ஒரு சீசாவும் பக்கத்தில் இருந்தது. சில நாள் கழித்துத் திறந்து முகர்ந்தால் போதும், குடித்துப் பார்க்க வேண்டியதில்லை. பிவிசி சீசாவில் புதுச் செருப்பு வாடை. அக்ரிலிக்கில் முதல் முறை லேசான மருந்து வாடை, தண்ணீரை மாற்றி மறுபடி வைத்தபோது அது இல்லை. இந்தத் துணிகளில் தண்ணீர் ஒட்டாமலிருக்க ஒரு வேதிப்பூச்சு இருக்கிறது. ஆகவே முதல் சில மழையை முழுக்கக் கடலுக்கே விடுவது என்றும், குடிநீரைக் கரித்தூள் வடிகட்டியில் இறக்கிக் கொதிக்க வைத்தே குடிப்பது என்றும் முடிவு செய்தோம்.

அக்ரிலிக் துணி 152 சென்டிமீட்டர் அகலத்தில் வருகிறது. அதுதான் என் வடிவத்துக்கு அடிப்படை. அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு 242 சென்டிமீட்டர் நீளம் வெட்டினேன். இரண்டு துண்டு இணைத்தால் நடுவில் ஒரு தையல் ஓடும். தண்ணீர் ஓடும் வழியில் ஓர் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். ஓரத்தை இருமுறை மூன்று மூன்று சென்டிமீட்டர் மடித்த பின் 140 அகலம், 230 நீளம். மூன்று சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

தட்டையான துணியை நான்கு மூலையில் இழுத்துக் கட்டி, நடுவைக் கீழே இழுத்தால் என்ன ஆகும்? மூலைகள் இறுகும், ஆனால் பக்கங்களின் நடுப்பகுதி தொய்ந்து வெளியே சாயும். சேர்ந்த தண்ணீர் அந்தத் தொய்வு வழியாகக் கடலுக்குப் போய்விடும். பழைய பெட்ஷீட் ஒன்றை அதே அளவில் வெட்டிக் கடையில் நான்கு நாற்காலிகளில் கட்டி, நடுவில் தராசுக் கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. இதற்கு மருந்து ரவிக்கை தைக்கிற எவருக்கும் தெரியும். தட்டைத் துணியைக் குழிவாக்க டாட் பிடிக்க வேண்டும், அதாவது ஓரத்தில் துணியை முக்கோணமாக மடித்துத் தைக்க வேண்டும்.

கேள்வி, டாட்டை எங்கே பிடிப்பது என்பதுதான். மூலையிலிருந்து நடுவுக்குப் பிடிப்பது முதலில் தோன்றும். ஆனால் கவிழ்த்த கூம்புபோல நடு தாழ்ந்த நாற்கோணத் துணியில், மூலையிலிருந்து நடுவுக்கு ஓடும் கோடுதான் பள்ளம். இரண்டு பக்கத்துச் சரிவிலிருந்தும் தண்ணீர் அங்கே கூடி ஓடிவரும். அங்கே தையல் போட்டால் ஊசித்துளைகளின் மேலேயே ஆறு ஓடும். பக்கங்களின் நடுவில் டாட் பிடித்தால் அது சரிவின் மேட்டுப் பகுதியில் வரும். தண்ணீர் தையலைக் குறுக்கே கடக்காமல் அதன் போக்கிலேயே இறங்கும், அளவும் குறைவு. ஓரம் அகலமாகவும் உள்ளே போகப் போக ஒன்றுமில்லாமலும் முடிகிற டாட்.

அளவுகளைப் பெட்ஷீட்டில் குண்டூசி குத்தியே கண்டேன். பிறகு என் கணவர் காகிதத்தில் முக்கோணம் போட்டுக் கணக்கிட்டார், இரண்டும் ஒத்துப்போயின. நடு 25 சென்டிமீட்டர் தாழ வேண்டுமென்றால், 230 நீளப் பக்கத்தின் நடுவில் இரண்டரை சென்டிமீட்டரும், 140 பக்கத்தின் நடுவில் நான்கு சென்டிமீட்டரும் துணியை உள்ளிழுக்க வேண்டும். நீளப் பக்கத்து டாட் உள்நோக்கி 45 சென்டிமீட்டரில் முடிகிறது, குறுகிய பக்கத்தது 80 சென்டிமீட்டரில். பெட்ஷீட்டில் நான்கையும் தைத்து மறுபடி நாற்காலிகளில் கட்டியபோது ஓரம் நான்கும் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. துணி மத்தளத் தோல் மாதிரி இறுகியிருந்தது. இறுகிய துணி காற்றில் படபடக்காது. படபடப்புதான் தையலைக் கொல்கிறது.

கேன்வாஸில் குண்டூசி குத்தக் கூடாது, துளை அப்படியே நிற்கும். துணிக்கொடிக் கிளிப்புகளும் இருபக்கம் ஒட்டும் மெல்லிய டேப்பும் போதும். நூல் வி-92 பாலியஸ்டர், ஊசி 18ஆம் எண். பருத்தி நூல் நனைந்தால் ஊதித் துளையை அடைக்கும் என்பது உண்மை, ஆனால் நம் ஈரத்தில் சீக்கிரம் மக்கிவிடும். நைலான் வலுவானது, வெயில்தான் அதற்கு எதிரி. பாலியஸ்டரும் வெயிலில் ஒருநாள் நைந்துதான் போகும். வெப்பமண்டலத்தில் துணி கிழிவதற்கு முன்பே நூல் போய்விடும் என்பதை எந்தப் படகுக்காரரும் சொல்வார். தையலின் நீளம் நான்கு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ரவிக்கைக்குப் போடுவதுபோல் நெருக்கித் தைத்தால் கேன்வாஸில் அது தையல் அல்ல, தபால்தலை ஓரத்துத் துளைவரிசை. ஒருநாள் அந்த வரிசையிலேயே கிழியும்.

என் அம்மா விட்டுப்போன கால்மிதி சிங்கர் இயந்திரத்திலேயே ஓரமும் டாட்டும் தைத்தேன். மோட்டார் இல்லாததால் ஒவ்வொரு குத்தையும் காலால் அளந்து போட முடிகிறது. கனத்த துணிக்கு அது பெரிய நன்மை. நான்கு அடுக்கு வரை முனகாமல் தைத்தது. மூலைகளில் அது முடியவில்லை. இரண்டு பக்கத்து மடிப்பும் சந்திக்கிற இடம், அதன்மேல் வலுவுக்கு வைத்த ஒட்டுத்துண்டுகள், அதன்மேல் 25 மில்லிமீட்டர் அகல பாலியஸ்டர் நாடா என்று பத்து அடுக்குக்கு மேல் போகிறது.

அதற்குக் குஷன் கடைக்குப் போனேன். லாரி இருக்கைகளுக்கும் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கும் உறை தைக்கும் சீனக் கிழவர், என்னைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர். தோட்டத்துத் தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழ் அவருக்குச் சரளம். அவருடைய இயந்திரத்தில் பாதமும் கீழேயுள்ள பல்லும் சேர்ந்து நடந்து, மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒரே நேரத்தில் நகர்த்தும். சாதாரண இயந்திரத்தில் கீழ்த்துணி மட்டும் நகர்ந்து மேல்துணி பின்தங்கிப் புடைக்கும்.

"இது என்ன தங்கச்சி, லாரிக்கா?" என்றார்.

"படகுக்கு அங்கிள். மழைத்தண்ணீர் பிடிக்க."

மூலையை விரலால் அழுத்திப் பார்த்தார். கேள்வி கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்து, மடிப்புக்குள் மறைந்திருந்த அடுக்குகளைப் படிப்படியாக வெட்டிவிட்டார். அடியில் இருப்பது நீளம், அடுத்தது சற்றுக் குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு. "எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தால் அந்த இடத்தில்தான் கிழியும். லாரிப் படுதாவிலும் அப்படித்தான்" என்றார். ஒட்டுத்துண்டுகளையும் அதேபோல் ஒன்றைவிட ஒன்று சிறிதாக, மூலைகள் மழுங்க வெட்டி அடுக்கினோம். நாடாவை மூலையில் ஒரு காது விட்டு, துணியின் நடுவை நோக்கி உள்ளே 20 சென்டிமீட்டர் வரை மடித்துத் தைத்தார். சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமான தையல். பித்தளைக் கண்வளையம் அடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கண்வளையம் துணியை ஒரு புள்ளியில் பிடிக்கிறது, நாடா ஒரு சாண் நீளத்துக்குப் பிடிக்கிறது. அவர் கைவேலையைப் பார்த்தபோது நம் பட்டணங்களின் இந்தக் கடைகளில் எவ்வளவு கைத்திறன் உட்கார்ந்திருக்கிறது என்று மனம் நிறைந்தது. லாரியும் டிராக்டரும் ஓடும் வரை அவரைப் போன்றவர்கள் இருக்க வேண்டும். கடலோரத்துப் பளபளப்பான கடைகளில் இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்ய மாட்டார்கள்.

நடுத்துளைக்குப் படகுச் சாமான் கடையில் தனிப் பொருத்தி விற்கிறார்கள். தேவையில்லை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் டேங்க் கனெக்டரே போதும். ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கிறது. அகன்ற விளிம்பு, இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர், அடியில் மரை. துணியை இரண்டு வாஷருக்கும் நடுவில் வைத்து இறுக்கினால் கசிவே இல்லை. துளைக்கு அடிப்பக்கத்தில் வட்டமான ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்தேன். அந்த ஒரு வட்டத் தையலை மட்டும் தவிர்க்க முடியவில்லை. தேன்மெழுகைத் தேய்த்து, ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டித் துளைகளை அடைத்தேன்.

அதே ஒட்டுத்துண்டில் நான்கு நாடாத் துண்டுகளைத் தைத்து, கனெக்டருக்குக் கீழே ஒரு வளையத்தில் சேர்த்தேன். தளத்திலுள்ள கொக்கியிலிருந்து வரும் ரப்பர்க் கயிறு அந்த வளையத்தைக் கீழே இழுக்கிறது. இழுவிசை நாடாவில் விழுகிறது, கனெக்டரைத் தொடுவதில்லை. ரப்பர்க் கயிறு என்பதால் திடீர்க் காற்றுக்குத் துணி சற்று எழும்பி மறுபடி அமரும். மூங்கிலோ குழாயோ வைத்து விறைப்பாக்கியிருந்தால் ஏதாவது ஒன்று முறியும்.

குழாய் எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. என் கணவருக்கு ஆலைப் பழக்கம், எதையும் பெரிதாகப் போடச் சொல்வார். மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற கடும் வேகத்தில் பெய்தாலும் இந்தத் துணியிலிருந்து நிமிடத்துக்கு ஐந்து, ஆறு லிட்டர்தான் வரும். தோட்டத்துக்கு நீர் ஊற்றும் அரை அங்குலக் குழாயே அதைக் கொண்டுபோகும். ஆனால் ஒல்லிக் குழாயில் காற்றுக் குமிழ் அடைத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னது நியாயம். முக்கால் அங்குலத்தில் உடன்பாடு ஆனது. இடையில் மூன்று வழி வால்வு ஒன்று. ஒரு பக்கம் திருப்பினால் வாளிக்கு, மறுபக்கம் திருப்பினால் தொட்டிக்கு.

படகுக்குக் கொண்டுபோகுமுன் வீட்டு முற்றத்தில் கட்டினோம். தாழ்வாரத் தூண் இரண்டு, கொய்யாமரம், இரும்புக் கேட்டின் கம்பம். பக்கத்தில் மழைமானியாக நேரான சுவருள்ள மைலோ டின் ஒன்று. டின்னில் சேரும் உயரத்தை அடிக்கோலால் அளந்தால் அதுவே மில்லிமீட்டர் மழை. பிளாஸ்டிக் தோம்பில் (பீப்பாயில்) தண்ணீர் நிற்கும் என்பதால் கொசுவலையை இறுக்கிக் கட்டினேன். 1975ஆம் ஆண்டுப் பூச்சி ஒழிப்புச் சட்டம் சுகாதார அதிகாரிகளுக்கு எவர் வீட்டுத் தோம்பையும் எட்டிப்பார்க்கும் அதிகாரம் தருகிறது. டெங்கி நடமாடும் ஊரில் அது சரியான அதிகாரம்தான்.

தைப்பிங்போல எங்கள் பக்கம் நினைத்தபோதெல்லாம் மழை கொட்டாது. காத்திருந்தோம். வந்தபோது டின் 14 மில்லிமீட்டர் காட்டியது. முதல் சில நிமிடத்து நீரைத் தரையில் விட்ட பிறகு தோம்பில் 38 லிட்டர் சேர்ந்திருந்தது. முழுக் கணக்குப்படி 45 வர வேண்டும். துணி நனையக் குடித்தது, ஓரத்தில் தெறித்தது, முதலில் விட்டது எல்லாம் போக அது நல்ல விளைச்சல். துணியின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். டாட் தையல்கள் காய்ந்திருந்தன. வட்டத் தையலில் ஒரே இடத்தில் ஈரம், அங்கே இன்னும் கொஞ்சம் மெழுகு.

பக்கத்து வீட்டு அண்ணன், பல ஆண்டு பால் வெட்டியவர், வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் மரத்தில் வெட்டுக்கோட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை ஒன்றைச் சுற்றி ஒட்டுவார்கள், மரத்தில் வழியும் மழை கோட்டிலும் பால் சேரும் மங்கிலும் இறங்காமல் இருக்க. "அங்கே மழையை விரட்டினோம், இங்கே நீங்கள் அழைக்கிறீர்கள்" என்றார். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். லயத்து வீட்டுத் தகரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் என் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த விடியற்கால மழைகளில் பல சுமத்திராக் காற்றோடு வருபவை. சுமத்திரா தீவின் பக்கம் இரவில் திரண்ட இடிமேகம் வரிசை கட்டி நீரிணையைக் கடந்து, விடியுமுன் நம் கரையைத் தாக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அதன் காலம். காற்று சில நிமிடத்தில் 40 நாட்டை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 74 கிலோமீட்டரைத் தொடும். படகில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை, மழையும் அதோடுதான் வருகிறது. நிழல்துணியை இரவில் எக்காரணம் கொண்டும் விரித்து வைப்பதில்லை என்பது எங்கள் படகுச் சட்டம். அந்தத் துணி பாய்மரத்திலிருந்து பின்கம்பி வரை போகும் சாதாரண நீளக்கூரை. குறுக்கே மின்கம்பி செலுத்தும் பிவிசி குழாய்களைச் செருகியிருக்கிறேன், உருவினால் சுருண்டுவிடும். கண்ணுக்குக் கூசாமலிருக்க நீல நிறம் எடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மழைத்துணியின் உண்மையான சோதனை செம்பிலான் தீவுகளில் நடந்தது. பங்கோருக்குத் தெற்கே கூட்டமாக நிற்கும் அந்தத் தீவுகளில் நங்கூரம் பாய்ச்சிக் கிடந்தால் கேனில் தண்ணீர் பிடித்துவரத் துறை எதுவும் இல்லை. காடு தண்ணீர் வரை இறங்கி நிற்கும். மாலையில் பேராக் கரைமேல் மேகம் கருத்துத் திரண்டபோது துணியை எடுத்தோம். முன்னிரண்டு காதும் முன்முனைக் கம்பிவேலிக்கு, பின்னிரண்டும் பாய்மரத்தின் பக்கக் கம்பிகளுக்கு, இடுப்புயரத்தில். எல்லாம் ஒரு நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சு. நனைந்த கயிற்றில் இறுகிப்போகும் முடிச்சைப் போட்டுவிட்டு, காற்று ஏறிய பின் அதோடு மல்லுக்கட்டக் கூடாது. நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றை நோக்கியே முகம் திருப்பும், ஆகவே முன்பக்கத்தை ஒரு சாண் தாழ்த்தினோம். காற்று துணிக்கு அடியில் புகுந்து தூக்குவது அதனால் குறைகிறது.

முதல் நீர் வாளிக்கு. கடலில் கிடந்த துணியில் உப்பு படிந்திருக்கும், அதைக் கழுவ மழையே போதும். வாளியில் விழுவதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தேன். உப்புச் சுவை போகும் வரை பொறுத்து, பிறகு வால்வைத் திருப்பினேன். தொட்டி வாயில் குழாய்க்குள் தண்ணீர் களகளவென்று இறங்கும் ஒலி கேட்டது. என் கணவர் கீழே அறையில் தொட்டியின் அளவுக் குழாயைப் பார்த்துக்கொண்டு, "ஏறுகிறது, ஏறுகிறது" என்று குரல் கொடுத்தார். வாளித் தண்ணீரில் அன்றே துணி துவைத்தோம். நன்னீரில் துவைத்த துணி முழுசாகக் காயும். கடல்நீரில் துவைத்தால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு இரவெல்லாம் பிசுபிசுக்கும்.

காற்று 20 நாட்டுக்கு மேல் போனால் துணியை இறக்கிவிடுகிறோம். மழை சாய்ந்து அடிக்கும்போது துணியில் விழுவது குறைவு, அலை உடைந்து தெறிக்கும் உப்புநீரும் கலந்துவிடும். தொட்டியிலுள்ள நல்ல தண்ணீரையும் அது கெடுக்கும். சுமத்திரா வந்தால் முதல் அடியை வெறும் தளத்தோடு வாங்கிக்கொண்டு, காற்று ஓய்ந்து மழை மட்டும் நிதானமாகப் பெய்யும் பின்பகுதியில் துணியைக் கட்டுகிறோம். அந்தப் பின்பகுதி மழை பெரும்பாலும் நீண்டு நிற்கும்.

தொட்டியிலிருந்து குடிப்பதற்கு எடுப்பதை வடிகட்டிக் கொதிக்க வைக்கிறோம். எரிவாயு குறைந்திருக்கும் நாளில் வாசனை சேர்க்காத வீட்டு வெளுப்பான், அதாவது 5 அல்லது 6 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட், தெளிந்த நீரில் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரைமணி நேரம் வைக்கிறோம். வாசனை சேர்த்ததையும் சோப்பு கலந்ததையும் எக்காரணத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

துணியை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். அக்ரிலிக் இழையைப் பூஞ்சை தின்னாது, ஆனால் அதில் படிந்த அழுக்கைத் தின்று வளரும். ஆகவே காய்ந்த பிறகே மடித்து, பழைய தலையணை உறையில் போட்டு வைக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை தையலை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். நூல் பொடிந்து வந்தால் துணி நன்றாக இருந்தாலும் அதே துளைகளின் வழியே மறுபடி தைக்க வேண்டும், புதுத் துளை போடக் கூடாது.

லுமுட் துறையில் பக்கத்துப் படகுகளிலிருந்து இதே மாதிரி கேட்கிறார்கள். பெட்ஷீட் மாதிரியைப் பழுப்புத் தாளில் வரைந்து கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், வேண்டுபவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம். கேட்க வருமுன் மூன்று அளவுகளைக் கையோடு கொண்டுவாருங்கள்: முன்முனைக் கம்பிவேலியின் அகலம், அங்கிருந்து பக்கக் கம்பி வரை நீளம், தொட்டி வாய் தளத்திலிருந்து எத்தனை உயரம். துணியின் நடு அந்த வாயைவிட ஒரு முழமாவது உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கு இடமில்லாத படகுகளில் குழாயைக் கேனில் இறக்கிப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம்.